கணினி விசிறியும் பத்தாம் வகுப்புப் பாடமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடையில் கணினியைக் காப்பது பற்றிச் சென்ற ஞாயிறன்று நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சத்தமில்லாமல் குளிர வேண்டுமென்றால், கணினிக்குள் குழாயில் நீரை ஓடவிட்டுச் சூட்டை வெளியேற்றும் நீர்க் குளிர்விப்பான் வாங்குங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அதை நம்பி யாரும் பணத்தைக் கொட்டிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடங்களை வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்கிறேன். ஊர் காட்பாடி. ரயில் ஊதல் ஓய்ந்த நேரம் பார்த்து, ஜன்னலைச் சாத்தி, தலைக்கு மேலுள்ள மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் மைக்கின் முன் உட்கார வேண்டும். நான் வியர்த்து வழிய, அறையில் விசிறிக்காற்று வாங்கும் ஒரே ஜீவன் என் கணினி. அதுவும் சும்மா வாங்கவில்லை. ஒவ்வொரு குறளுக்குப் பின்னாலும் வண்டு புகுந்ததுபோல் ரீங்கரித்தது. சற்று ஓயும், மறுபடி ஓங்கும். ஒரே சீராக ஒலித்தாலாவது மென்பொருளைக் கொண்டு அழித்திருப்பேன்.

மே மாதம், அறையில் 36 டிகிரி. பதிவைக் கோப்பாக மாற்றும்போது கணினியின் மூளையான பிராசசரின் சூடு 97 டிகிரியைத் தொட்டது. தங்கை மகன் வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். பிராசசரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. ஹீட்சிங்க்கை மதர்போர்டில், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில், பிடித்துவைக்கும் நான்கு பிளாஸ்டிக் பூட்டுகளில் ஒன்று கவ்வவே இல்லை. ஒரு மூலை தூக்கியிருந்தது. சூட்டைக் கடத்துவதற்காக அடியில் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் என்ற பசை, வெற்றிலையில் தடவி மறந்த சுண்ணாம்பாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினோம். (ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுழன்றால் அச்சு கெடும்.) பழைய பேஸ்ட்டைத் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதியது வைத்து, நான்கு பூட்டும் சொடுக்கும் சத்தம் கேட்கும்வரை அழுத்தினோம். 97 என்பது 82 ஆனது. செலவு, ஒரு சிறு பேஸ்ட் குழாய். கட்டுரை முதலில் இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

ஆனாலும் ரீங்காரம் முழுதாகப் போகவில்லை. பிராசசரோடு இலவசமாக வந்த சின்ன விசிறி நிமிடத்துக்கு 2,800 சுற்றுவரை ஓடினால்தான் அந்தக் குட்டி ஹீட்சிங்க்கைச் சமாளிக்க முடிகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஒலியோ சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். ஆகவே, பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவதே வழி. அந்த மெதுவான காற்றிலும் சூடு இறங்க வேண்டுமானால் தகடுகளின் பரப்பு அதிகம் வேண்டும். அதனால், சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுசெல்லும் நான்கு செம்பு வெப்பக்குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட கோபுர வடிவக் கூலரை வாங்குவதென்று முடிவு செய்தோம்.

இங்கேதான் ஏமாந்தேன். கடைக்காரர் வானவில் விளக்கு எரியும் ஒன்றை எடுத்துத் தந்தார். உயரம் 165 மில்லிமீட்டர். என் கணினிப் பெட்டியான கேபினட்டோ 160 மில்லிமீட்டருக்குத்தான் இடம் தரும். மூடி மூடவில்லை. திருப்பிக் கொடுத்து, விளக்கில்லாத 155 மில்லிமீட்டர் ஒன்றை வாங்கினேன். விளக்கு எரிந்தால் ஒரு டிகிரியும் குறையப்போவதில்லை. அமைதிக்குப் பெயர்பெற்ற ஆஸ்திரியாவின் நாக்டுவா விசிறிகள் காபிப்பொடி நிறத்தில் விளக்கே இல்லாமல்தான் நெடுங்காலம் வந்தன. என் ஓய்வூதியத்துக்கு அவை எட்டவில்லை என்பது வேறு விஷயம்.

புதிய விசிறியின் காற்று கேபினட்டின் பின்புற விசிறியை நோக்கிப் போகும்படி மாட்டினோம். ஓங்கி ஓங்கி அடங்கும் தொல்லைக்கு மருந்து, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் இருந்தது. 60 டிகிரிவரை ஒரே மெது வேகம், அதற்கு மேல் படிப்படியாக ஏற்றம் என்று வைத்தான் பையன். வேகக் கட்டளைக்கென்றே ஒரு கம்பி சேர்ந்த நான்கு கம்பி இணைப்புள்ள விசிறி என்பதால் சொன்னபடி கேட்டது. இப்போது கோப்பு மாற்றும்போது 68. வாசிக்கும்போது விசிறி 700 சுற்றில் ஓடுவது என் காதுக்கே எட்டுவதில்லை.

நீர்க் குளிர்விப்பானிலும், நீரின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டருக்கு விசிறி உண்டு. போதாக்குறைக்குப் பம்பின் முனகல் வேறு. 200 வாட்டுக்கு மேல் உறிஞ்சும் பிராசசர்களுக்கு அது பொருந்தலாம். என்னுடையது 65 வாட். எதை வாங்கினாலும் அறையின் 36 டிகிரிக்குக் கீழே அவற்றில் எதுவும் இறக்காது.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வெளியிடும்போது கூலரின் உயரம், கேபினட்டின் அகலம், பிராசசரின் வாட் ஆகிய மூன்றையும் பார்த்து வாங்கும்படி ஒரு பெட்டிச்செய்தி சேர்க்க வேண்டுகிறேன். ஐந்து மில்லிமீட்டருக்காக நான் வேலூருக்கும் காட்பாடிக்கும் இரண்டு முறை பஸ் ஏறியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
காட்பாடி