வாசலில் காவல், ஆணியில் சாவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் முந்தைய நாள், அணை, ரயில் பாலம், மின் நிலையம் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டதாக உங்கள் பத்திரிகையில் செய்தி வருகிறது. மோப்ப நாயோடு ஒரு போலீஸ்காரர் தண்டவாளத்தில் நடந்து போகிற படமும் கூடவே வரும். அந்தக் காவல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தனியார் ஆலையின் துணை மின் நிலையத்தில் 26 வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். வேலி தாண்டி வருகிறவனை நினைத்து நான் பயந்ததில்லை. வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு கேட் வழியாகவே வரக்கூடிய ஆளை நினைத்துத்தான் பயம்.

எங்கள் கன்ட்ரோல் ரூம், பேட்டரி ரூம், யார்டு எல்லாவற்றுக்கும் மாற்றுச் சாவிகள் செக்யூரிட்டி அறையில் ஒரு ஆணியில் ஒரே கொத்தாகத் தொங்கும். லைனில் கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் ரிலே கருவிகளைப் பார்க்கிற கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் பேப்பர் துண்டில் ஒட்டியிருக்கும். அதைப் பொருத்த வந்த கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டு அது, நான் ஓய்வு பெறும்வரை மாறவே இல்லை. ஒருநாள் மத்தியானம் யார்டில் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் அளவைக் குறித்துக்கொண்டு திரும்பினால், நான் பூட்டிவிட்டுப் போன கன்ட்ரோல் ரூம் திறந்திருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, உள்ளே ஆறு மாதத்துக்கு முன்பு வேலையைவிட்டு நிறுத்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி, தம்பி ஒருவன், கையில் கல்யாணப் பத்திரிகையோடு உட்கார்ந்திருக்கிறான். "உனக்குத் தெரியாததா, சாவியை எடுத்துக்கப்பா" என்று செக்யூரிட்டி சொல்லிவிட்டாராம். நல்ல பையன். கல்யாணத்துக்கும் போய் வந்தேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சம்பள பாக்கியோடு அனுப்பப்பட்டவன் அவன், அந்தப் பாக்கி கைக்கு வந்ததா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து கை நீட்டினால், மின்சாரத்தை நிறுத்தவும் விடவும் செய்கிற பிரேக்கர் பேனல்.

இதெல்லாம் வீண் பயம் என்று நினைப்பவர்களுக்கு, ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மரூச்சி ஷயர் என்ற உள்ளாட்சிப் பகுதியில் 2000ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். கழிவுநீரைத் தள்ளும் 142 பம்பிங் ஸ்டேஷன்களை ரேடியோ மூலம் இயக்குகிற ஏற்பாட்டைச் செய்துகொடுத்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் அங்கிருந்து விலகினார், ஷயர் மன்றத்தில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. அப்புறம் பம்புகள் ஓட வேண்டிய நேரத்தில் நின்றன, அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கவில்லை. பொறியாளர்கள் கோளாறு எங்கே என்று வாரக்கணக்கில் தேடினார்கள். 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் ஒரு பெரிய ஹோட்டல் வளாகத்திலும் பாய்ந்தது, ஓடைத் தண்ணீர் கறுத்துப்போனது, அதிலிருந்த உயிர்கள் செத்தன. ஏப்ரல் 23 அன்று போலீஸ் அவர் காரை நிறுத்திப் பார்த்தபோது மடிக்கணினியும் ரேடியோ கருவியும் உள்ளே இருந்தன. 46 முறை அவர் கைவைத்திருந்ததாக வழக்கு, இரண்டு வருடச் சிறை. எனக்கு இதில் உறைத்தது அந்த வாரக்கணக்கான தேடல்தான். நாங்களும் அப்படித்தான். ஒரு ஃபீடர், அதாவது மின்சாரம் கொண்டுபோகும் லைன், டிரிப் ஆகி நின்றால் லைனைப் பார்ப்போம், ரிலேயைப் பார்ப்போம், ஒன்றும் கிடைக்காவிட்டால் லாக் புக்கில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு மறுபடி லைனில் மின்சாரம் விடுவோம். யார் உள்ளே வந்து போனார்கள் என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நம் பக்கத்து மாநிலத்திலேயே, கர்நாடகத்தின் கைகா அணு மின் நிலையத்தில் 2009 நவம்பரில், ஊழியர்களின் வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருளின் அளவு கூடியிருந்தது. தேடிப் பார்த்தால் அவர்கள் தண்ணீர் குடிக்கிற கூலரில் யாரோ அணு உலையில் பயன்படுகிற, டிரிடியம் கலந்த கனநீரைச் சேர்த்திருக்கிறார்கள். வெளி ஆள் நுழைய முடியாத இடம், உள்ளே இருப்பவர் வேலைதான் என்று அணுசக்தித் துறையே சொன்னது. பெல்ஜியத்தின் டோல் அணு மின் நிலையத்தில் 2014 ஆகஸ்டில் யாரோ ஒரு வால்வைத் திறந்துவிட்டு நான்காவது அலகின் டர்பைனிலிருந்து 65,000 லிட்டர் மசகு எண்ணெயை வடித்துவிட்டார்கள். டர்பைன் சூடேறிச் சேதமாகி, டிசம்பர் வரை அந்த அலகு ஓடவில்லை. செய்தது யார் என்று கண்டுபிடிக்கப்படவில்லை. அதே 2014 அக்டோபரில் நம் கல்பாக்கத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர் ஒருவர் உடன் வேலை பார்த்த மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார். அது சதி இல்லைதான். ஆனாலும் உள்ளே இருக்கிற ஒரு மனிதர் என்ன நிலையில் இருக்கிறார் என்று கவனிக்கத் தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

உடனே தொழிலாளியின் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து சோதனை போடக் கிளம்பிவிடக் கூடாது. அதை நானே அனுபவித்திருக்கிறேன், அவமானம் தவிர எதுவும் மிஞ்சாது. செய்ய வேண்டியவை சின்ன வேலைகள். ஒருவர் வேலையை விட்ட அன்று சாயங்காலமே அவருடைய பாஸ் செல்லாது, அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு மாறிவிட வேண்டும், சாவி கணக்குப் பார்த்து வாங்கப்பட வேண்டும். முக்கியமான வால்வையோ சுவிட்சையோ தனி ஆள் ஒருவர் மட்டும் தொட முடியாதபடி இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். இணையத்தோடு சேராத கம்ப்யூட்டர், அதனால் பயமில்லை என்று சொல்வார்கள். எங்கள் ரிலே கம்ப்யூட்டரும் அப்படித்தான், ஆனால் சர்வீஸுக்கு வருகிறவர் ஒருமுறைகூடப் பென் டிரைவைச் செருகாமல் போனதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் தேதி தவறாமல் போக வேண்டும், அவருக்குக் குறை இருந்தால் கேட்க ஒரு ஆள் வேண்டும். இதைத் தொழிலாளர் நலத்துறை விஷயம் என்று ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் பாதுகாப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த முறை பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டது என்று அதிகாரிகள் பேட்டி கொடுக்கும்போது உங்கள் நிருபர்கள் எங்களுக்காக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: போன வருடம் இங்கிருந்து வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருடைய பாஸும் பாஸ்வேர்டும் அன்றே ரத்தாயின?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை மின் நிலைய ஆபரேட்டர்,
ஈரோடு மாவட்டம்.