லாக் தேயும், அதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

மடக்குக் கத்தி வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்ததைப் படித்தேன். திறந்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்கிற லாக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். சரி, வாங்கியாச்சு, அந்த லாக் எத்தனை மழைக்காலம் தாங்கும்? குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கத்தியும் கையுமாக இருக்கிற எங்களுக்கு அதுதான் கேள்வி.

கடையில் அதிகம் கிடைப்பது பிடியின் முதுகை அழுத்தி மடக்குகிற ரகம், 1964-ல் அமெரிக்காவில் வந்த பக் 110 என்ற கத்தி பிரபலமாக்கியது. அலகின் அடியில் ஒரு வெட்டு, முதுகுப் பட்டையில் ஒரு கொக்கி, கொக்கியை வெட்டுக்குள் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் உடைவது அபூர்வம், வம்பெல்லாம் அந்த வெட்டில்தான். வாழையிலை அறுக்கும்போது வடிகிற கறை உள்ளே இறங்கிக் காய்ந்து, அதன்மேல் மண்ணும் ஒட்டிக்கொண்டால் கொக்கி முழுசாக விழாது. பார்வைக்குக் கத்தி திறந்துதான் நிற்கும், 'டக்'கென்று வரவேண்டிய சத்தம் மட்டும் மொத்தையாக வரும், அழுத்தி வெட்டினால் விரல்மேல் மடங்கும். இப்படி அரைகுறையாக விழுந்து விழுந்தே கொக்கியின் முனை மழுங்கிப்போகும், அப்புறம் என்ன கழுவினாலும் தேறாது.

இதற்கு ஆளாளுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். கீழே கம்பத்து வெயிலுக்கு அது ஓடும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெயை மார்கழிக் காலையில் மேலே கொண்டுவந்தால் லாக் எப்படி அசையும்? வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும்.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-ல் பிறந்த ஓப்பினெல் கத்தி வேறு மாதிரி. அதற்கு 1955-ல் கழுத்தில் ஒரு இரும்பு வளையம் சேர்த்தார்கள், அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் மடங்காது. வளையத்தின் விளிம்பு சாய்வாக இருப்பதால், நாள்பட்டுத் தேய்ந்தாலும் இன்னும் கொஞ்சம் தள்ளித் திருப்பினால் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் கண்ணுக்கு முன்னால் தெரியும். ரொம்ப லூசானால் வளையத்தைக் கழற்றி லேசாக நெருக்கி மாட்டலாம். ஆனால் பிடி பீச் மரம். ஆடி மழையில் ஊதி அலகைக் கவ்விக்கொண்டால் நகம் பெயர்ந்தாலும் திறக்காது, பிடியின் பின்பக்கத்தைக் கட்டையில் தட்டித்தான் அலகை வெளியே எடுக்கவேண்டும். லாக் நீடிக்கிறது, மரம் படுத்துகிறது.

என்னைக் கேட்டால், ஈரத்திலும் கறையிலும் கிடக்கிற கத்திக்கு வளையம்தான் சரி. முதுகு லாக்தான் வேண்டும் என்பவர்கள், வேலைக்கு முன் விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, திறந்த அலகின் முதுகை மரத்தூணில் வைத்து மெதுவாக அழுத்திப் பார்க்கட்டும். அசைந்தால் அன்றைக்கு அந்தக் கத்தி வேண்டாம்.

அடுத்த தடவை இதைப் பற்றி எழுதினால் பளபளக்கிற புதுக் கத்தியின் படம் போடாமல், பல வருஷம் தோட்டத்தில் உழைத்த ஒன்றைப் பிரித்து, அந்த வெட்டையும் கொக்கியையும் கிட்டத்தில் படம் பிடித்துப் போடுங்கள்.

– ஏலத்தோட்டக்காரர், குமுளி