பென்னி கேட்ட பாட்டி

மக்ளே,

நேத்து போன்ல நீ அழுதது இன்னும் என் காதுலயே நிக்குது. உன் வார்டுல லேசா காய்ச்சல் இருந்த பேஷண்ட் தாத்தாவ பத்தி அவர் மகள்கிட்ட "வெரி பூர்லி"ன்னு சொல்லிட்ட, அந்தம்மா ராத்திரியோட ராத்திரியா கார எடுத்துட்டு ஓடி வந்துட்டாங்க. இங்கிலாந்து ஆஸ்பத்திரி வார்டுல வெரி பூர்லின்னா ஆள் பொழைக்கிறதே கஷ்டம், சொந்தக்காரங்கள வரச் சொல்லுங்கன்னு அர்த்தம்டா. லேசா முடியலன்னா "அண்டர் த வெதர்"னு சொல்லுவாங்க, வானிலைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

உங்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். 2003-ல நான் நர்ஸா அங்க போன மொத வாரம், நைட் டியூட்டி, எண்பது வயசு பாட்டி ஒருத்தங்க என் கைய புடிச்சு "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி"ன்னாங்க. காசு கேக்குறாங்கன்னு நெனச்சு லாக்கர்ல இருந்த ஹேண்ட்பேக்க எடுத்து மடில வச்சேன். அவங்க தலைய ஆட்டுறாங்க, திரும்பவும் அதையே சொல்றாங்க, நான் பர்ஸ தொறந்து சில்லறைய காட்டுறேன். அதுக்குள்ள பெட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. முகத்த சுவத்து பக்கம் திருப்பிக்கிட்டு சத்தமே இல்லாம அழுதாங்க. ஷீட் மாத்தும்போது என் கை நடுங்குச்சு.

அப்புறம் சீனியர் சிஸ்டர்தான் சொன்னாங்க. 1851-ல லண்டன் ஹைட் பார்க்ல நடந்த பெரிய கண்காட்சில, ஜார்ஜ் ஜென்னிங்ஸ்ங்கிறவர் அமைச்ச கழிப்பறைக்கு ஒரு பென்னி வாங்கிருக்காங்க, பின்னால ஊர் பூரா பொதுக் கழிப்பறை கதவுல ஒரு பென்னி போட்டாத்தான் தாழ்ப்பாளே தெறக்குமாம். நம்ம ஆச்சி வாய் விட்டு சொல்ல கூச்சப்பட்டு "கொல்லைக்கு போணும்"பாங்கல்ல, அதேதான். வயசானவங்க இன்னும் சொல்லுவாங்க, கேட்டா உடனே கமோடு நாற்காலிய கொண்டு போ.

சில பேச்சு நமக்கு டக்குனு புரிஞ்சிரும். நியூகாசில் பல நூறு வருஷமா கப்பல்ல லண்டனுக்கு நிலக்கரி அனுப்புன ஊரு, அதுக்கே கரி கொண்டு போறதுன்னு அவங்க சொன்னா நம்ம கொல்லத் தெருவுல ஊசி விக்கிற கததான். ஆனா "பாப்டு ஹிஸ் க்ளாக்ஸ்"னா செத்துட்டார்னு அர்த்தம், க்ளாக்ஸ்ங்கிறது வட இங்கிலாந்து மில் தொழிலாளிங்க போட்ட மரக்கட்ட அடி செருப்பு. பேஷண்ட்ஸ் அவங்களுக்குள்ள சிரிச்சு பேசிக்குவாங்க, இழந்து நிக்கிற குடும்பத்துகிட்ட அந்த வார்த்த உன் வாயில இருந்து வரவே கூடாது, அங்க நேரா இறந்துட்டார்னுதான் சொல்லணும்.

டியூட்டி மாத்தும்போது பேஷண்ட பத்தி சொல்ற ஹேண்டோவர்ல ஒரு வார்த்த புரியலன்னா அந்த நிமிஷமே கேளு மக்ளே, வெக்கப்படாத. நான் அன்னைக்கு கேட்டிருந்தா அந்த பாட்டி அழுதிருக்க மாட்டாங்க.

அப்புறம் சனிக்கிழம அந்த யார்க்‌ஷயர் சிஸ்டர் ஹாஃப் ஃபைவுக்கு டீக்கு கூப்பிட்டிருக்காங்கன்னியே. அஞ்சரைக்கு போ. அந்த பக்கம் டீன்னா ராத்திரி சாப்பாடு, வயித்த நெறச்சுட்டு போயிராத.

அம்மா