படிவத்தோடு மாணவர்களை அனுப்பாதீர்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நிறுவன உளவியல், மனிதவள ஆய்வுகளுக்கு நெறியாளர்களாக இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் மாணவர்கள் முனைவர் பட்ட வினாப்படிவங்களை என்னிடம்தான் கொண்டுவந்து தருகிறார்கள். பணித் திருப்தி, பணி அழுத்தம், நிறுவனப் பற்று என்று தலைப்பு மாறும். 'மிகவும் உடன்படுகிறேன்' என்று தொடங்கும் ஐந்து கட்டங்கள் மாறாது.

அது எப்படி நிரம்புகிறது என்று சொல்கிறேன். நான் சூப்பர்வைசரிடம் கொடுப்பேன், அவர் லைனில் கொடுப்பார். பெயர் எழுத வேண்டாம் என்று மேலே இருக்கும். கீழே வயது, பிரிவு, சொந்த ஊர், அனுபவம் எல்லாம் கேட்டிருக்கும். செக்கிங்கில் ஐம்பது வயதைத் தாண்டிய தேனிக்காரப் பெண் ஒருவர்தான் என்றால், ஆள் யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிடும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். 'மேலாளர் என்னை நியாயமாக நடத்துகிறார்' என்ற வரிக்கு அவர் எங்கே டிக் அடிப்பார்? ஒடிசா, பீகார் பையன்களுக்குத் தமிழ் படிக்க வராது, பக்கத்தில் இருப்பவர் நிரப்பிவிடுவார். தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லருக்கோ அந்த நேரம் முழுக்கக் கூலி நஷ்டம். இந்தத் தாள்களை வைத்துத்தான் எதற்கும் எதற்கும் எவ்வளவு தொடர்பு என்று சொல்லும் தொடர்புக் கெழுவைக் கணக்கிடுகிறீர்கள்.

எம்.பி.ஏ. வகுப்பில் எல்லோரும் ஹாதார்ன் ஆய்வை, அமெரிக்க ஆலை ஒன்றில் தொழிலாளர்களை வைத்து நடந்த பழைய ஆய்வை, படிக்கிறோம். எங்கள் தொழிலுக்கு அதைவிட நெருக்கமானது ஹார்வுட் ஆய்வு. ஹார்வுட் என்பது அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் ஊரில் இருந்த பைஜாமா தொழிற்சாலை. அங்கே செய்த ஆய்வை லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் 1948-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் பீஸ் ரேட்தான், வேலைமுறை மாறும்போதெல்லாம் தகராறுதான். அயர்னிங் செய்யும் 18 பேர் அட்டைமேல் அடுக்கிய துணியை இனிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான். கூட்டம் போட்டு அறிவித்து, புது ரேட்டும் சொன்னார்கள். உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். மாற்றத்தைத் தொழிலாளர்களே உட்கார்ந்து பேசி வடிவமைத்த குழுக்களில் ஒருவரும் போகவில்லை, உற்பத்தியும் பழைய அளவைத் தாண்டியது. சில மாதம் கழித்து, முதல் குழுவில் மிஞ்சிய 13 பேரையும் கலந்து பேசி வேறு வேலைக்கு மாற்றியபோது அவர்களும் சீக்கிரமே தேறிவிட்டார்கள். அதே ஆட்கள்!

அந்த ஆய்விலும் ஓட்டை உண்டு. குழுக்கள் சின்னவை, குழுவுக்கொரு வேலை. கலந்து பேசியதால் வந்த பலனா, கூடுதல் விளக்கமும் பயிற்சியும் கிடைத்ததால் வந்ததா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அப்புறம் என்ன, இங்கே செய்து பார்க்கலாமே? தைக்கும் உடுப்பின் ஸ்டைல் மாறாத மாதம் எங்களுக்கு ஏது?

நம் நாட்டில் நடக்காததும் இல்லை. 1953-இல் அகமதாபாத் காலிகோ மில்லில் லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ், தறிக்கூடத்து வேலையைச் சிறு குழுக்கள் பொறுப்பேற்று நடத்தும்படி மாற்றிப் பார்த்தார். பதினேழு ஆண்டு கழித்து அதே நிறுவனத்தின் எரிக் மில்லர் அங்கே திரும்பப் போய், எந்தக் கூடத்தில் அது நிலைத்தது, எங்கே கரைந்தது என்று பதிவு செய்தார்.

நான் கேட்பது இதுதான். அடுத்த மாணவரை ஒரு சீசன் முழுக்க அனுப்புங்கள். பவர் டேபிள், கைமடி, பேக்கிங் என்று எல்லா இடத்திலும் உட்காரட்டும். ஸ்டைல் மாறும்போது ஒரு லைனில் ஆட்களோடு பேசி மாற்றட்டும், இன்னொரு லைனில் வழக்கம்போல அறிவிக்கட்டும். வருகைப் பதிவேடு, தினசரி உற்பத்தி, வேலையை விட்டவர் கணக்கு எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. கருத்து கேட்பதானால் கம்பெனிக்கு வெளியே, தங்கும் இடத்தில், அவரவர் மொழியில் கேளுங்கள். அந்தத் தாள் என் கைக்கு வரவே கூடாது. முதலாளியிடம் அனுமதி வாங்குவது என் பாடு. தொழிலாளர்களின் சம்மதத்தை மட்டும் நீங்களே நேரில் வந்து கேளுங்கள், முடிவையும் நீங்களே வந்து அவர்களிடம் சொல்லுங்கள்.