இயந்திரக் கை பூட்டினால் மனிதத்தன்மை குறையுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பகுதிச் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பெடியளும் பெட்டையளும் சேர்ந்திருந்து தாயக்கட்டை உருட்டுகிறார்கள், சுடுவதும் களவெடுப்பதும் பற்றிக் கதைக்கிறார்கள், இது சூதாட்டமா என்று யாராவது விசாரிக்க வேண்டும் என ஒரு வாசகர் போன வாரம் உங்களுக்கு எழுதியிருந்தார். விசாரிக்கத் தேவையில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அந்த மேசையில் கதை நடத்துகிற ஆள் நான்தான். பகலில் ரியூசனில் கணிதம் படிப்பிக்கிறேன். மேசையில் காசு வைப்பதில்லை, வைப்பது பிளேன்ரீயும் றோல்ஸும்தான், அதுவும் அவரவர் காசில்.

ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அந்த ஆளாகவே கதைத்து, அந்த ஆள் எடுக்கும் முடிவுகளை எடுத்து விளையாடுகிற விளையாட்டு இது. இன்னொருவர் உலகத்தை நடத்துவார். நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடம் வந்தால் தாயக்கட்டை தீர்மானிக்கும். 1974இல் அமெரிக்காவில் வாளும் மந்திரமும் டிராகனுமாகத் தொடங்கிய வகை. 1988இல் மைக் பொண்ட்ஸ்மித் என்பவர் இதே வகையில் சைபர்பங்க் என்ற பெயரிலேயே ஒன்றை வெளியிட்டார். உடம்புக்குள் இயந்திரம், நகரம் முழுக்கக் கம்பனிகளின் ஆட்சி, ஒழுங்கைகளில் வறுமை. அந்தக் கதை நடக்கும் வருடமாக அவர் போட்டது 2013. அந்த வருடத்தை நாங்கள் எப்போதோ தாண்டிவிட்டோம், அவர் எழுதியது போல எல்லோரும் மூளைக்குள் வயர் சொருகிக்கொண்டு திரியவில்லை, ஆனால் கம்பனிகள் விஷயத்தில் மனிதர் பெரிதாகப் பிழைவிடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் பொண்ட்ஸ்மித்தின் விளையாட்டை அப்படியே விளையாடினோம். அமெரிக்க நகரம், மழை, நியான் வெளிச்சம். கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. அந்த நகரத்தின் ஒரு தெருவைக்கூட எங்களில் எவரும் கண்டதில்லை, படத்தில் பார்த்ததைத்தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு 2080களின் யாழ்ப்பாணம் என்று வைத்துக்கொண்டு நாங்களே எழுதத் தொடங்கினோம். எழுதத் தொடங்கியதும் கதை தானாகவே வந்தது, ஏனென்றால் எதற்காக அடிபடுவார்கள் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. தண்ணீர். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருக்கிறதை நம்பித்தான் தலைமுறை தலைமுறையாகச் சீவித்தது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் பட்ட பாட்டை இந்தப் பிள்ளைகள் சின்ன வயதில் பார்த்தவர்கள். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் வந்துவிட்டது. அதிலிருந்து அறுபது வருடம் தள்ளிப் போய், கிணறெல்லாம் உவராகி, குழாய் முழுக்க ஒரு கம்பனியின் கையில் என்று வைத்தால் சண்டைக்குக் காரணம் தயார்.

அமெரிக்க விளையாட்டில் பாத்திரங்களுக்கு வகைகள் உண்டு. அடிதடிக்காரர், கணினிக்குள் புகுந்து களவெடுப்பவர், பொருளும் ஆளும் பிடித்துக் கொடுக்கிற தரகர், பாட்டால் கூட்டம் சேர்ப்பவர், ஊர் ஊராகத் திரிபவர் என்று நீளும். இவர்களுக்கு எங்கள் ஊரில் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தரகர் என்றால் உண்டியல்காரர். கனடா ஸ்காபரோவில் ஒருவர் காசைக் கொடுக்க, இங்கே இன்னொருவர் ஒரு நம்பரைக் கேட்டுவிட்டுக் கையில் தருகிற அந்த ஏற்பாட்டை விளங்கப்படுத்தவே தேவைப்படவில்லை, மேசையில் இருந்த எல்லோருக்கும் அத்துப்படி. மெக்கானிக்குக்கு என்ன திறமை கொடுப்பது என்று கேட்டபோது, ஒரு பெடியன் தன் தகப்பன் சொன்ன கதைகளை எடுத்துவிட்டான். 1990க்குப் பிறகு வருடக்கணக்காக மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, பெற்றோலுக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டிருக்கிறார்கள், கார்பரேட்டருக்குள் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு வேறெங்கே போய் சைபர்பங்க் தேடுவது? எங்கள் மெக்கானிக் பாத்திரத்துக்கு ஒரு ஆட்டத்தில் ஒரு தடவை, இல்லாத உதிரிப்பாகத்துக்குப் பதிலாக வீட்டில் கிடக்கிற ஏதாவது ஒன்றை வைத்து எதையும் ஓட வைக்கலாம் என்று விதி எழுதினோம். ஒரே நிபந்தனை, எப்படி ஓடுகிறது என்பதை மற்றவர்கள் நம்பும்படி சொல்ல வேண்டும். (ஒருத்தி வாஷிங் மெஷின் மோட்டரால் ட்ரோன் பறக்கவிட்டாள். நாங்கள் நம்பவில்லை.)

கணினிக்குள் புகுகிறவருக்கு முதல் வேலையாக வங்கிக் கொள்ளை கொடுக்க நான் யோசித்திருந்தேன். பிள்ளைகள் கேட்டது வேறு. 1981இல் எரிந்த பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போனதென்று படித்திருக்கிறார்கள், 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் தளத்தையும் பாடத்துக்காகப் பாவிப்பவர்கள். எனவே 2080களில் அப்படியான ஒரு சேமிப்பைக் கம்பனி வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறது, அதைப் பிரதி எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். நான் எழுதி வைத்திருந்த வங்கி அப்படியே கிடக்கிறது.

தாயக்கட்டை விஷயத்துக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் கணிதம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கோ. மூல விளையாட்டுக்குப் பத்து முகக் கட்டை வேண்டும். இங்கே கடைகளில் கேட்டால் சிரிப்பார்கள். புத்தகக் கிரிக்கெட் மாதிரி பக்கம் விரித்துக் கடைசி இலக்கத்தை எடுக்கலாம் என்றான் ஒருவன், ஆனால் இடப்பக்க இலக்கம் எப்போதும் இரட்டைதானே, ஒற்றை எண் வரவே வராது. கடைசியில் லூடோப் பெட்டியில் இருக்கிற சாதாரணக் கட்டை இரண்டையே எடுத்தோம், அது இன்னும் நல்லதாகப் போய்விட்டது. பத்து முகக் கட்டையில் எந்த எண்ணுக்கும் பத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டு கட்டையைக் கூட்டும்போது நடு எண்களே அடிக்கடி விழும். பத்தும் அதற்கு மேலும் விழ 36இல் 6 வாய்ப்புத்தான், ஏழிலிருந்து ஒன்பது வரை 15, ஆறும் அதற்குக் கீழும் 15. பத்தோ அதற்கு மேலோ என்றால் நினைத்தது முழுக்கச் சரிவரும். ஏழு தொடக்கம் ஒன்பது என்றால் சரிவரும், ஆனால் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் வில்லங்கம். இந்த மூன்று படி ஏற்பாடு வேறு விளையாட்டுகளிலிருந்து எடுத்தது, எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. திறமைக்கு ஆகக்கூடியது கூட்டல் இரண்டு என்று மட்டுப்படுத்தினோம். மூன்று கொடுத்தால் 36இல் 3 தடவைதான் வில்லங்கம் வரும், பிறகு ஆளுக்குப் பயமே இருக்காது, பயமில்லாவிட்டால் விளையாட்டுச் சப்பென்று போய்விடும்.

நான் உண்மையில் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது வேறொரு விதிக்காக.

மூல விளையாட்டில் பிறர்மேல் பரிவு காட்டும் தன்மைக்கு ஒரு எண் உண்டு. அதைப் பத்தால் பெருக்கினால் வருவது அந்தப் பாத்திரத்தின் மனிதத்தன்மைப் புள்ளி. இயந்திரக் கை, இயந்திரக் கண் என்று பூட்டப் பூட்ட இந்தப் புள்ளி குறையும், பத்துக் குறைந்தால் பரிவு ஒன்று குறையும். பூச்சியத்துக்கு வந்துவிட்டால் அந்த ஆளுக்குப் பைத்தியம் பிடித்துக் கொலைகாரனாகிவிடுவான், பாத்திரத் தாளை விளையாடுபவரிடமிருந்து வாங்கிக் கதை நடத்துபவர் வைத்துக்கொள்வார். அதாவது உடம்பில் இரும்பு கூடினால் மனிதம் குறையும்.

எங்களோடு விளையாடும் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். மிதிவெடி. இந்த விதியை நான் வாசித்து முடிக்க அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "அப்ப எனக்கு எத்தினை புள்ளி குறைப்பியள் மாஸ்டர்?"

யாழ்ப்பாணத்தில் இந்த விதியை ஒரு மேசையில் வைக்க ஏலாது. இந்த ஊரில் செயற்கைக் கால் என்பது எதிர்காலக் கதை இல்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஜெய்ப்பூர் கால் செய்து பொருத்தும் நிலையம் இங்கே இயங்குகிறது. அந்தக் காலை 1960களின் கடைசியில் ராஜஸ்தானில் உருவாக்கியவர்கள் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும். மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துப் போடுகிறவனுக்காகச் செய்தது, அதோடு குந்த முடியாது, சப்பாணி கட்டி இருக்க முடியாது, வெறுங்காலோடு வயலுக்கும் கோயிலுக்கும் போக முடியாது. ரப்பரால் செய்த இந்தப் பாதம் அதற்கெல்லாம் வளைந்து கொடுக்கும். நல்லூர்த் திருவிழாவில் வீதி மணலில் சனத்தோடு சனமாக வெறுங்காலோடு தேருக்குப் பின்னால் போகிறவருக்கு அந்தக் காலால் என்ன குறைந்தது? கால் இல்லாதபோதுதான் அவர் வீட்டுக்குள் இருந்தார். அமெரிக்கக்காரரும் 2020ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பில், இழந்த உறுப்புக்கு ஈடாக வைக்கும் சாதாரண மருத்துவக் கை கால்களுக்குப் புள்ளி குறைக்கத் தேவையில்லை என்று திருத்திவிட்டார்கள், நல்லது. ஆனால் கூடுதல் பலம் தருகிற இரும்புக்கு இன்னமும் மனிதம்தான் விலை. பலமாக இருப்பது எப்படிக் குற்றமாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

நாங்கள் அந்தப் புள்ளியையே எடுத்துவிட்டு, கடன் என்று போட்டோம். ஒவ்வொரு இயந்திர உறுப்பும் லீசிங்கில்தான் வரும். கைக்கு இரண்டு கடன் புள்ளி, கண்ணுக்கு மூன்று, இப்படி. ஒவ்வொரு ஆட்ட முடிவிலும் இரண்டு கட்டையை உருட்ட வேண்டும், விழுந்த கூட்டுத்தொகை கடனுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் உறுப்பைப் பறிக்கக் கம்பனியால் ஆள் வரும். கடன் மூன்று என்றால் பன்னிரண்டில் ஒரு தடவை, ஆறு என்றால் 36இல் 15. ஆட்டோவும் ட்ராக்டரும் சீஸ் பண்ணுகிறார்களே, அது மாதிரி. நுண்கடனால் வடக்கில் எத்தனை குடும்பம் நொந்தது என்பது உங்கள் பத்திரிகையிலேயே வந்ததுதான், 2018இல் அரசாங்கமே ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. இது கற்பனையாகவும் தெரியவில்லை. ஆர்கஸ் 2 என்று பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் வைத்த ஒரு கருவி இருந்தது, உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்திருந்தார்கள், செய்த கம்பனி நட்டப்பட்டு அதைக் கைவிட்டதும் பழுதானால் பார்க்க ஆளில்லாமல் போய்விட்டது. கண் அவர்களுடைய தலைக்குள்தான் இருக்கிறது, ஆனால் யாருடையது?

மேசையில் இது எப்படி நடந்தது என்று ஒன்று சொல்கிறேன். குருநகரில் படகு என்ஜின் திருத்துகிற ஒரு பெண் பாத்திரம், ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒருத்தி விளையாடுகிறாள். லீசிங் கை இரண்டு, கண் ஒன்று, மொத்தக் கடன் ஏழு. கட்டை ஐந்து விழுந்தது. வீட்டு வாசலில் இரண்டு பேர், வெள்ளைச் சேட்டு, நல்ல மரியாதை. "தங்கச்சி, வலக் கையை ஒருக்கால் கழட்டித் தாங்கோ" என்றேன் நான் அவர்களுடைய குரலில். சண்டை பிடிப்பாள் என்று நினைத்து எல்லோரும் கட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நிதானமாக "பில் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன். ஆனா வலக் கையாலதான் வைப்பன்" என்றாள். கை கழன்றால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லாவிட்டால் அவர்களுக்குக் கொமிஷன் இல்லை. அன்றைக்கு அவர்கள் வெறுங்கையோடு போனார்கள். இதற்கு எங்களிடம் விதி இருக்கவில்லை, அடுத்த நாளே எழுதிச் சேர்த்தோம்.

கால் இழந்த நண்பர் தன் பாத்திரத்துக்கு எடுத்தது இலவச ரப்பர்க் கால். கடன் பூச்சியம், கூடுதல் பலமும் இல்லை. ஆனால் அதற்குள் மென்பொருள் இல்லையே, ஒருவரும் தூரத்தில் இருந்து நிற்பாட்ட ஏலாது, கம்பனி வாசலில் ஸ்கான் பண்ணினாலும் ஒன்றும் தெரியாது. எங்கள் குழுவில் எந்தக் கட்டடத்துக்குள்ளும் முதலில் போகிற ஆள் இப்போது அவர்தான்.

இன்னும் ஒன்று. மூல விளையாட்டில் பாத்திரத்தின் குடும்பக் கதையையும் கட்டை உருட்டித்தான் எடுப்பார்கள், தாய் தகப்பனுக்கு என்ன நடந்தது, சகோதரம் எங்கே என்று. நாங்களும் ஒரு அட்டவணை போட்டோம், பாரிஸ் லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் மாமா, வருடத்தில் ஒருக்கால் வந்து குறை சொல்லிவிட்டுப் போகிற கனடாப் பெரியம்மா எல்லாம் அதில் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர் என்ற வரியை மட்டும் அட்டவணையில் போடவில்லை. யாராவது தானாகத் தன் பாத்திரத்துக்கு அதை எழுதினால் எழுதட்டும். கட்டை விழுந்து ஒரு பிள்ளைக்கு அது வரக்கூடாது. மேசை நடுவில் ஒரு வெற்று அட்டையும் வைத்திருக்கிறோம். கதை எங்கேயாவது நோகிற இடத்துக்குப் போனால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் கட்டத்தை விட்டுவிடுவோம்.

எங்கள் விதித் தொகுப்பு எட்டுப் பக்கம்தான், முழுக்கத் தமிழில். உங்கள் மாணவர் பக்கத்தில் பாத்திரத் தாளுக்கு மட்டும் ஒரு கால் பக்கம் தந்தால் வெட்டி எடுத்து விளையாட மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் உதவும். விசாரிக்கச் சொன்ன அந்த ஐயாவும் ஒருநாள் வரலாம், தண்ணீர்க் கம்பனியின் கணக்காளர் பாத்திரம் இன்னும் ஆளில்லாமல் கிடக்கிறது, குறுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர்தான் அதற்கு வேண்டும். சனசமூக நிலைய நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள்: ஆறரைக்கு லைற்றை நிற்பாட்டாமல் எட்டு மணி மட்டும் விடுங்கோ, மின்கட்டணத்தில் எங்கள் பங்கை நாங்கள் கட்டுகிறோம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கொக்குவில்.