கையெழுத்துப் போடுவதற்கு முன்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்பு மகன் குமரனுக்கு,

பாரிஸ் தரகர் வழியாக ஒரு வங்கிக்கு நிரல் எழுதுவதா, உங்கள் ரெயூனியன் தீவிலேயே சான் பியேர் ஊர்க் கம்பெனிக்கு எழுதுவதா என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு ஒப்பந்தங்களையும் அச்செடுத்துப் படித்துவிட்டேன். பிரெஞ்சில் கேட்டதற்கு அம்மா தமிழில் பதில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. கண்டித்துச் சொல்ல வேண்டியதை எனக்குத் தமிழில்தான் சொல்ல வரும். பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய கைக்குச் சிவப்புப் பேனா இல்லாமல் படிக்கத் தெரியாது. பாரிஸ் ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புதான்.

நாளுக்கு 420 யூரோ என்றதும் சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “சான் பியேர்க்காரர்கள் 350 தருகிறார்கள், இவர்கள் 420 தருகிறார்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்கிறார். அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். வேலைக்கு உள்ளே போவதைப் பற்றி எல்லா ஒப்பந்தமும் இனிக்க இனிக்கத்தான் பேசும். வெளியே வருவதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் பத்தி 11-ஐப் பார். அந்த இடைத்தரகு நிறுவனம் உன்னை ஐந்து நாள் முன்னறிவிப்பில் நிறுத்திவிடலாம். நீ விலக வேண்டுமானால் மூன்று மாதம் முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும். விலகிய பிறகு ஓராண்டுக்கு அந்த வங்கியில் மட்டுமல்ல, தரகரின் எந்த வாடிக்கையாளரிடமும் வேலை செய்யக்கூடாது. யார் யார் அந்த வாடிக்கையாளர்கள் என்ற பட்டியலும் இல்லை. சம்பளக்காரருக்கு இப்படித் தடை போட்டால் பிரான்சில் அதற்கு ஈட்டுத்தொகை கொடுத்தாக வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்கிறவன் என்பதால் உனக்கு ஒரு காசும் எழுதவில்லை.

பத்தி 9-ஐப் படித்தபோது எழுந்து போய் உன் அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் வாங்கிய சான்றிதழ் அதில்தான் இருக்கிறது. உன் அப்பாவின் முப்பாட்டனாருடைய பதிவு. எண், தகப்பன் பெயர், ஊர், கப்பல், தோட்டம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. ஒரு மனிதரை அடையாளம் காண அவர்களுக்கு அவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது. ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அந்தக் காலத்துக் கரும்புத் தோட்டங்களில் ‘டபுள் கட்’ என்று ஒரு சட்டம் இருந்தது, உனக்குத் தெரியும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். காய்ச்சலில் படுத்தாலும், கால் வெட்டுப்பட்டுக் கிடந்தாலும் கணக்கு அதேதான் என்று உன் பாட்டி சொல்வார். மாதக் கடைசியில் கூலிக்குப் பதிலாகக் கடன் எஞ்சும்.

இனி உன் பத்தி 9. முன்கூட்டிச் சொல்லாமல் இணையத்தில் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய கட்டணம் கிடையாது. அதோடு ஒரு நாள் கட்டணம் அபராதம். என்ன வித்தியாசம், சொல்?

2025 பிப்ரவரி 28 அன்று காரன்ஸ் புயல் உங்கள் வடக்குக் கரையில் ஏறியதே, அப்போது வீட்டில் எத்தனை நாள் மின்சாரம் இல்லை? சிவப்பு எச்சரிக்கை விட்டால் வாசலைத் தாண்டவே அனுமதி கிடையாது. மூன்று நாள் என்றே வைத்துக்கொள்வோம். 1,260 யூரோ வராது, 1,260 யூரோ அபராதம், ஆக 2,520. புயலை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட வாதிடுவார்கள். தவிர்க்க முடியாத நிகழ்வு என்று பிரெஞ்சுச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அளவு மீறிய அபராதத்தை நீதிபதி குறைக்கவும் முடியும். ஆனால் ரெயூனியனில் இருந்துகொண்டு பாரிஸ் கம்பெனியோடு யார் நீதிமன்றம் ஏறுவது? புயல், மின்தடை, இணையத் துண்டிப்பு மூன்றையும் பெயர் சொல்லி விலக்கி எழுதித் தரச் சொல்.

வேலை நேரம் பாரிஸ் கணக்கில் ஒன்பது முதல் ஆறு வரை. குளிர்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி. அதாவது நீ நண்பகலில் உட்கார்ந்து இரவு ஒன்பதுக்கு எழுந்திருப்பாய். பாப்பா தூங்கிவிடுவாள். டிசம்பர் 20 உங்கள் தீவுக்கு விடுமுறை, பாரிஸ் நாட்காட்டியில் அது வெறும் வேலை நாள். விடுப்புக்கு நான்கு வாரம் முன்பே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டுமாம். முக்கால் மணி நேர விமானத்தில் தைப்பூசத்துக்கு வீட்டுக்கு வர, முகம் தெரியாத யாரோ ஒருவர் தலையசைக்க வேண்டும்! நேரம் அவர்கள் சொல்வது, விடுப்பு அவர்கள் தருவது, வாடிக்கையாளரும் அவர்கள் ஒருவரே. இதற்குப் பெயர் வேலைக்காரன். சம்பளத்தோடு விடுமுறை மட்டும் இல்லை, வேலையிழப்புக் காப்பீடும் இல்லை. மறைமுக வேலை ஒப்பந்தம் என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்வது இப்படிப்பட்டவற்றைத்தான்.

பணம் வரும் நாளும் இருக்கிறது. பில் தேதியிலிருந்து 60 நாள். சட்டம் அனுமதிக்கும் எல்லையே அதுதான். கடைசி வரை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். ஜனவரி வேலைக்கு ஜனவரி 31 அன்று பில் போட்டால் ஏப்ரல் தொடக்கத்தில் காசு. அதுவரை வாடகையை எதில் கொடுப்பாய்? என்னிடம் கேட்டால் தருவேன், அது வேறு விஷயம்.

சான் பியேர் ஒப்பந்தம் மட்டும் சொக்கத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதம்தான். சிறிய கம்பெனி. ‘தொடர்புடைய பிற பணிகள்’ என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அந்த ஒரு வரியில் ஊர் வேலை எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிடலாம். என்னென்ன பணி என்று பட்டியல் கேள். மற்றபடி 30 சதவீதம் முன்பணம், 30 நாளில் பணம், இரு தரப்புக்கும் ஒரே பதினைந்து நாள் முன்னறிவிப்பு. நீ எழுதும் நிரலின் உரிமை, முழுப் பணமும் கைக்கு வந்த பிறகே அவர்களுக்குப் போகும். பாரிஸ்காரர்கள் எழுதிய கணமே எல்லாம் தங்களுடையது என்கிறார்கள், நீ பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் உன் சொந்தக் கருவிகள் உட்பட. எந்த உரிமை, எந்த அளவு, எந்த நாடு, எவ்வளவு காலம் என்று தனித்தனியாக எழுதினால்தான் பிரெஞ்சுச் சட்டப்படி உரிமை மாறும். இதையும் அவர்களிடம் கேட்டுப் பார்.

மருமகள் போர்த்தாஜ் சாலாரியல் பற்றிக் கேட்டாள். ஒரு நிறுவனம் உனக்காகப் பில் போட்டு, உன்னைச் சம்பளக்காரனாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சம்பளச் சீட்டு கிடைக்கும், வேலையிழப்புக் காப்பீடு கிடைக்கும், வீட்டுக்கடன் கேட்கும்போது வங்கி மரியாதை தரும். பில் தொகையில் ஏறக்குறையப் பாதிதான் கைக்கு வரும். ஆறு மாத வேலைக்கு இப்போது வேண்டாம். வீடு வாங்கும் எண்ணம் வந்தால் பார்க்கலாம்.

என் விருப்பம் சான் பியேர். ஆனால் பாரிஸ்காரர்களுக்கு இன்றே ‘முடியாது’ என்று எழுதிவிடாதே. பத்தி 9, பத்தி 11, பணம் வரும் நாள் மூன்றையும் மாற்றித் தரச் சொல்லி மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பு. தொலைபேசியில் பேச வேண்டாம், நீ பேச்சில் இளகிவிடுவாய். மாற்றித் தந்தால் 420-க்கு நானும் தடை சொல்ல மாட்டேன், சித்தப்பாவுக்கும் சந்தோஷம். அவர்கள் பதிலை அப்படியே எனக்கு அனுப்பு. கோயிலில் தமிழ் வகுப்பு ஆறு மணிக்கு முடியும், அதற்குப் பிறகு கூப்பிடு. சான் பியேர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை வரைதான் காத்திருப்பார்கள் என்றாயே, அதை மறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா