ஜார்ஜ் இங்கிலீஷ் பேர் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல குழந்தைகளுக்கு வைக்கிற பேர் பத்தி போட்ட பக்கத்தைப் படிச்சேன். நல்லாதான் இருந்துச்சு, ஆனா ஜார்ஜ்ங்கிற பேருக்கு நேரா 'ஆங்கிலப் பெயர், அரசன்'னு ஒரே வரில முடிச்சிட்டீங்க பாருங்க, அதப் பாத்ததும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன். அது கிரேக்கப் பேரு. அர்த்தம் விவசாயி. கிரேக்கத்துல 'கே'ன்னா மண்ணு, 'எர்கோன்'னா வேலை, ரெண்டும் சேந்து மண்ணுல பாடுபடுறவன்னு ஆகுது, அதுலருந்து வந்ததுதான் கெயோர்கியோஸ், இப்ப கிரீஸ்காரங்க பேச்சுல யோர்கோஸ்.

எனக்கு இது ஏன் முக்கியம்னா எங்க அப்பா பேரு ஜார்ஜ். வாழையும் நெல்லும் போட்டவர், நகத்துக்கு அடில எப்பவும் சேறு இருக்கும், ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போறப்ப எவ்ளோ தேச்சாலும் போகாது. அவர்கிட்டயே எத்தனையோ பேரு 'என்னவே, வெள்ளக்காரன் பேர வச்சிருக்கீரு'ன்னு கேட்டிருக்காங்க. அவர் சும்மா சிரிச்சிட்டுப் போயிருவாரு. அவர் செஞ்ச தொழிலேதான் அவர் பேருன்னு யாரும் அவருக்குச் சொன்னதில்ல, எனக்கே அவர் போனப்புறம்தான் தெரிஞ்சுது.

இந்தப் பேரு உலகம் பூரா பரவுனதுக்குக் காரணம் ராஜாக்கள் இல்ல, ஒரு படைவீரர். ரோம் பேரரசன் டயோக்ளீஷியன் காலத்துல, 303 வாக்குல, கிறிஸ்துவ விட்டுக்கொடுக்க மாட்டேன்னு உயிர விட்டவர்னு சபை மரபு சொல்ற புனித ஜார்ஜியார். இப்ப இஸ்ரேல்ல இருக்கிற லோத் ஊர்ல அவர் கல்லறைன்னு வணங்குற கோயில் இருக்கு. குதிரை மேல உக்காந்து ஈட்டியால டிராகன குத்துற கதையெல்லாம் பல நூறு வருஷம் கழிச்சு வந்து சேந்தது.

கிரேக்கத்துலருந்து சிரியாக்ங்கிற பழைய மொழி வழியா கேரளாவுக்கு வந்து கீவர்கீஸ், வர்கீஸ், வர்க்கின்னு ஆனதும் இதே பேருதான். குட்டநாட்டுல பம்பை ஆத்தங்கரைல எடத்துவா புனித ஜார்ஜியார் கோயில் இருக்கே, சுத்தி எங்க பாத்தாலும் நெல்வயல், ஏப்ரல் கடைசில கொடியேத்துனா மே 7 வரைக்கும் திருவிழா, நம்ம பக்கத்துலருந்தும் கூட்டம் கூட்டமா போவாங்க. விவசாயின்னு பேர் வச்ச புனிதருக்கு அதவிட பொருத்தமான இடம் எனக்குத் தெரியல.

இங்கிலாந்துக்கு வருவோம். அவங்க 14ஆம் நூற்றாண்டுலயே புனித ஜார்ஜ நாட்டுக்குக் காவலரா எடுத்துக்கிட்டாலும் பிள்ளைங்களுக்கு அந்தப் பேர அவ்வளவா வைக்கல. 1714ல ஜெர்மனி ஹனோவர்லருந்து முதலாம் ஜார்ஜ் வந்து பட்டத்துக்கு உக்காந்தப்புறம்தான் அங்க அது ஊர்ப்பட்ட பேரா ஆச்சு, அதுக்கப்புறம் 1830 வரைக்கும் தொடர்ந்து நாலு ஜார்ஜ். அதுல மூணாம் ஜார்ஜுக்கு விவசாயத்து மேல ரொம்ப ஆசை, பண்ணை வச்சு நடத்துனாரு, வேற பேர்ல விவசாயப் பத்திரிகைக்கே எழுதியிருக்காரு. அவரக் கிண்டல் பண்ண கார்ட்டூன் போட்டவங்க வச்ச பட்டப்பேரு 'ஃபார்மர் ஜார்ஜ்'. அந்தப் பேரோட நெஜமான அர்த்தமே அதுதான்!

கிரீஸ்ல இன்னைக்கும் ரொம்ப அதிகமா இருக்கிற ஆம்பளப் பேருங்கள்ல இது ஒண்ணு. காரணம் சுலபம், நம்ம மாதிரியே தாத்தா பேர பேரனுக்கு வைப்பாங்க. பிரதமரா இருந்த யோர்கோஸ் பாப்பாந்திரேயு, அவர் மகன் ஆந்திரேயாஸ், அவர் மகன் திரும்ப யோர்கோஸ், மூணு பேருமே பிரதமர்! அங்க பொறந்தநாள விட பேர்நாள்தான் பெருசு, அதாவது அந்தப் பேர் உள்ள புனிதரோட திருநாள். ஏப்ரல் 23 வந்தா எல்லா யோர்கோஸுக்கும் யோர்கியாவுக்கும் வாழ்த்து குவியும், பேர்க்காரங்கதான் மத்தவங்களுக்கு ஸ்வீட் குடுக்கணும். அந்தத் தேதி தவக்காலத்துல விழுந்தா ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமைக்குத் தள்ளி வச்சுருவாங்க. 1963ல நோபல் பரிசு வாங்குன கவிஞர் செஃபெரிஸ் ஒரு யோர்கோஸ், பாடகர் ஜார்ஜ் மைக்கேல் கூட சைப்ரஸ் கிரேக்க அப்பாவுக்குப் பொறந்த ஒரு யோர்கோஸ்தான்.

அமெரிக்கால 1880கள்ல ஜார்ஜ்ங்கிற பேரு பிள்ளைங்களுக்கு அதிகமா வச்ச முதல் அஞ்சு ஆம்பளப் பேருக்குள்ள இருந்துச்சு, இப்ப நூறாவது இடத்துக்கும் கீழ போயிருச்சு. பிரிட்டன்ல 2013ல இளவரசர் ஜார்ஜ் பொறக்குறதுக்கு முன்னாடியே முன்வரிசைலதான் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. நம்ம சென்னைல இருக்கிற ஜார்ஜ் கோட்டை இந்தப் புனிதர் பேர்ல வச்சது, ஆனா பக்கத்துல இருக்கிற ஜார்ஜ் டவுன் 1911ல ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக மாத்துனது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க நெறைய.

அதனால அடுத்த இதழ்ல ஒரு சின்ன திருத்தம் போடுங்க, 'ஜார்ஜ்: கிரேக்கப் பெயர், உழவன்'னு. அப்படியே பிலிப், ஸ்டீபன், பீட்டர் மூணையும் ஆங்கிலப் பேர் பட்டியல்லருந்து எடுத்துருங்க, அதுவும் கிரேக்கம்தான். பிலிப்னா குதிரைமேல பிரியம் உள்ளவன், ஸ்டீபன்னா கிரீடம், பீட்டர்னா பாறை. நம்ம ஊர்ல இந்தப் பேரு உள்ளவங்க எத்தனையோ பேரு உங்க பத்திரிகைய வாங்கிப் படிக்கிறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம்